வயிற்றுச் சீழ், காற்றில்லா பாக்டீரியா, மெட்ரோ: ரிப்போர்ட்டில் வராத கிருமியைப் பற்றி ஒரு கேள்வி

மூன்றாம்_வருட_பிஜி

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் சர்ஜரி பிஜி படிக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

குடல்வால் வெடித்து வரும் கேஸ் எங்களுக்கு வாரம் தவறாமல் உண்டு. வயிற்றைத் திறந்ததும் அடிக்கிற அந்த நாற்றம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாஸ்க் எல்லாம் அதற்கு முன்னால் சும்மா. சீழில் ஸ்வாப்பைத் தோய்த்து லேபுக்கு அனுப்புவோம். ஈ.கோலை, இஎஸ்பிஎல் வகை (செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கிற ரகம்) என்று ரிப்போர்ட் வரும். உடனே செஃப்ட்ரியாக்சோனை நிறுத்திவிட்டு மெரோபெனம். கூடவே மெட்ரோனிடசோல் 100 மில்லி பாட்டிலும் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே இருக்கும். ஏன் சார் என்றால், "வயிறுன்னா மெட்ரோ, அவ்வளவுதான்" என்பார் யூனிட் சீஃப்.

போன வாரம் மைக்ரோபயாலஜி மேடம் ஒருவர் ரவுண்ட்ஸில் வந்து, "மெரோபெனமே காற்றில்லா பாக்டீரியாவைக் கொல்லுமே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டார். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அதே நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியது. சிடி எடுத்தால் இடுப்புக்குழியில் சீழ் சேர்ந்திருக்கிறது. இப்போது வார்டில் இரண்டு கட்சி. மெட்ரோவுக்கு ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்கிறது ஒன்று. கிருமியே வீரியமான ரகம் என்கிறது மற்றொன்று. ரெசிஸ்டன்ஸும் வீரியமும் ஒன்றுதானா, வேறு வேறா? அப்புறம், அப்படி நாறுகிற கிருமி ரிப்போர்ட்டில் மட்டும் ஏன் ஒருமுறைகூட வருவதில்லை?

ஜாடிக்காரர்

கடைசிக் கேள்வி என்னுடையது தம்பி. லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான்.

நீங்கள் அனுப்பியது ஸ்வாப். காலையில் தியேட்டரில் எடுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் லேப் கவுன்டருக்கு வந்திருக்கும். பஞ்சு காய்ந்திருக்கும். பஞ்சுக்குள் இருக்கிற காற்றே அந்தக் கிருமிக்கு எமன். அதைப் பிளட் அகார், மெக்காங்கி என்ற வளர்ப்புத் தட்டுகளில் தேய்த்து, சாதாரண இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் காலை எடுத்துப் பார்ப்போம். ஈ.கோலை கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கும். ரிப்போர்ட் அடித்தாயிற்று. காற்றுப் பட்டால் வளராத கிருமியைக் காற்றில் வைத்துவிட்டு வரவில்லை என்றால் எப்படி வரும்?

ஆனால் கிராம் ஸ்மியரில், அதாவது சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அது தப்பாது. வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சிகள், ஒன்று குட்டை, ஒன்று நீளம், சிலவற்றில் நடுவே சாயம் ஏறாத வெற்றிடம். ஸ்மியர் நிறைய அது இருந்தும் தட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தால், பெரும்பாலும் காற்றில்லா ரகம்தான். உங்கள் லேபில் ஸ்மியர் முடிவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பாதி கதை அதிலேயே தெரிந்துவிடும்.

ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீழைச் சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றுக் குமிழியை வெளியேற்றி, உடனே ராபர்ட்சன் குழம்பில் விட வேண்டும். வேகவைத்த மாட்டிறைச்சித் துணுக்குகள் அடியில் கிடக்கிற புட்டி அது. அங்கிருந்து பித்தமும் எஸ்குலினும் ஜென்டாமைசினும் கலந்த பிபிஇ தட்டுக்கு மாற்றி, ஜாடிக்குள் வைத்து, கேஸ் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டு மூட வேண்டும். உள்ளே இருக்கும் மெதிலீன் நீலப் பட்டை நிறமிழந்து வெள்ளையானால்தான் ஆக்சிஜன் போய்விட்டது என்று அர்த்தம். 48 மணி நேரம் திறக்கக் கூடாது. திறந்தால் தியேட்டரில் அடித்த அதே நாற்றம் முகத்தில் அடிக்கும். தட்டில் காலனியைச் சுற்றி அகாரே கறுத்துக் கிடக்கும். நீங்கள் கேட்ட கிருமி அதுதான், பாக்டீராய்ட்ஸ் ஃப்ரஜிலிஸ் குழு.

கத்தி_பிடித்தவன்

ஜாடிக்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் தட்டு கறுத்து, பெயர் கண்டுபிடித்து, மருந்துப் பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். முப்பது வருஷமாக வயிறு திறக்கிறேன். செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோ, நன்றாகக் கழுவி டிரெயின் வைப்பது. இதில் பிழைக்காதவர்கள் மருந்து தப்பாகிப் போனவர்கள் இல்லை, தாமதமாக வந்தவர்கள்.

பிஜி தம்பிக்கு: ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், இடுப்பில் சீழ் என்றால் மருந்தை மாற்றாதே. ரேடியாலஜியைக் கூப்பிட்டு, சீழை வடிக்கும் பிக்டெயில் குழாய் போடு. 2015-ல் வந்த ஸ்டாப்-இட் ஆய்வைப் படித்திருப்பாய். 518 பேர். சீழின் மூலத்தைச் சரியாக அடைத்துவிட்டால் நாலு நாள் ஆன்டிபயாடிக் போதும், எட்டு நாள் கொடுத்தவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மூலம் அடைபடவில்லை என்றால் நாற்பது நாள் கொடுத்தும் பிரயோஜனமில்லை. வீரியம், ரெசிஸ்டன்ஸ் என்று பட்டிமன்றம் நடத்துகிற நேரத்தில் அந்தச் சீழை வெளியே எடு.

மூன்றாம்_வருட_பிஜி

பிக்டெயில் போட்டாயிற்று சார். நேற்றே. காய்ச்சல் இறங்கிவிட்டது.

கத்தி_பிடித்தவன்

அப்புறம் என்ன?

கறுத்த_தட்டு

சார், வணக்கம். நான் மைக்ரோபயாலஜி. சீழை வெளியே எடுக்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் தம்பியின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வீரியம் வேறு, ரெசிஸ்டன்ஸ் வேறு. பெருங்குடலில் வாழும் கிருமிக் கூட்டத்தில் ஃப்ரஜிலிஸின் பங்கு ஓரிரு சதவீதம்கூட இருக்காது. அதே குழுவில் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்றொரு உறவுக்காரர் உண்டு, அவர் குடலில் பெரும்பான்மைக் கூட்டத்தில் ஒருவர். ஆனால் குடல் கிழிந்து கழிவு வயிற்றறைக்குள் கொட்டினால் சீழில் முன்னால் வந்து நிற்பது சிறுபான்மையான ஃப்ரஜிலிஸ்தான். காரணம் அதன் உறை. பாலிசாக்கரைடு ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியில் நேர்மின், எதிர்மின் இரண்டும் சேர்ந்திருக்கிறது. பொதுவாகச் சர்க்கரைச் சங்கிலிகளை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் சட்டை செய்யாது. இதைக் கண்டால் கிளர்ந்தெழும். அந்தக் கிளர்ச்சியின் விளைவுதான் சுவர் கட்டிய சீழ்க்கட்டி. உறைச் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்து, கிருமி நீக்கிய குடல் கழிவோடு எலி வயிற்றில் வைத்தால்கூடக் கட்டி வருகிறது. உயிருள்ள கிருமியே வேண்டாம்.

இதன் எண்டோடாக்சினோ (கிருமியின் வெளிச்சுவரில் உள்ள நச்சு) ஈ.கோலையினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் வலுக் குறைந்தது. ஆளை முதல் நாளே ஷாக்கில் தள்ளுவது ஈ.கோலை. ஒரு வாரம் கழித்துக் கட்டியாக வந்து நிற்பது ஃப்ரஜிலிஸ். 1970-களில் அமெரிக்காவில் எலிகளை வைத்து இதை அழகாகக் காட்டினார்கள். குடல் கழிவை ஜெலட்டின் குப்பியில் அடைத்து வயிற்றில் வைத்தார்கள். மருந்து கொடுக்காத எலிகளில் 37 சதவீதம் செத்தன, பிழைத்தவற்றுக்கெல்லாம் சீழ்க்கட்டி. ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தபோது சாவு 4 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் பிழைத்ததில் 98 சதவீதத்துக்குக் கட்டி. கிளிண்டாமைசின் மட்டும் கொடுத்தபோது சாவு 35 சதவீதத்திலேயே நின்றது, கட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டையும் சேர்த்தால்தான் இரண்டும் அடங்கின. வயிறு என்றால் இரண்டு வகைக் கிருமிக்கும் மருந்து என்று சார் முப்பது வருஷமாகச் செய்கிறாரே, அந்த வழக்கத்துக்கு அடித்தளம் இந்த எலிகள்தான்.

இரண்டும் கூட்டாளிகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஃப்ரஜிலிஸிடம் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் இருப்பதால் ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் ஈ.கோலை அங்கிருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். பிறகு இதற்கு ராஜ வாழ்க்கை. ஃப்ரஜிலிஸ் வெளிவிடும் சக்சினிக் அமிலம் வெள்ளையணுக்களின் வேலையைக் கெடுக்கும், அதனால் ஈ.கோலைக்கும் லாபம்.

இப்போது ரெசிஸ்டன்ஸ். வீரியத்தில் முதலிடம் வாங்கிய ஃப்ரஜிலிஸ் இந்தக் குழுவில் மருந்துக்கு ஓரளவு கேட்கிற பிள்ளை. தீட்டா, டிஸ்டசோனிஸ் போன்றவை வீரியத்தில் பின்தங்கியவை, ஆனால் பல மருந்துகளுக்கு அவைதான் முரண்டு பிடிக்கும். அதனால் வார்டின் இரண்டு கட்சியும் வேறு வேறு கிருமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

வேளச்சேரி_வாசகி

நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த ஆபரேஷன் ஆனதிலிருந்து இப்படித் தேடித் தேடிப் படிக்கிறேன். இந்த ஃப்ரஜிலிஸ் குடல் கேன்சர் வரவழைக்கும் என்று எங்கோ பார்த்தேன். உண்மையா மேடம்?

கறுத்த_தட்டு

பயப்படாதீர்கள் அக்கா. ஃப்ரஜிலிஸில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு நச்சு சுரக்கும் திறன் உண்டு. துத்தநாகம் சார்ந்த நொதி அது, குடல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஈ-கட்ஹெரினை வெட்டிவிடும். 1980-களில் வயிற்றுப்போக்கு வந்த செம்மறிக் குட்டிகளில்தான் முதலில் பிடிபட்டது. கேன்சர் வரும் தன்மையோடு பிறந்த எலிகளில் இந்த ரகம் கட்டிகளை அதிகமாக்கியது. பெருங்குடல் கேன்சர் நோயாளிகளிடமும் இதை அதிகம் பார்க்கிறார்கள். ஆனால் ஆரோக்கியமான பலரிடமும் இது சும்மா இருக்கிறது. குடல்வால் ஆபரேஷனுக்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. வயிற்றறையில் கட்டி வர இந்த நச்சு வேண்டும் என்றும் இல்லை, அதற்கு உறை போதும்.

கத்தி_பிடித்தவன்

மேடம், எலியெல்லாம் சரி. மெட்ரோ வேலை செய்யாத பாக்டீராய்ட்ஸை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?

கறுத்த_தட்டு

பார்த்திருக்கிறேன் சார். அடிக்கடி இல்லை, ஆனால் உண்டு.

மெட்ரோனிடசோல் உள்ளே போகும்போது மருந்தே இல்லை. காற்றில்லாக் கிருமி தன்னிடமுள்ள எலக்ட்ரானை அதன் நைட்ரோ முனைக்குக் கொடுத்த பிறகுதான் அது விஷமாகி டிஎன்ஏவை உடைக்கிறது. நிம் என்ற மரபணு வைத்திருக்கும் கிருமி அதே நைட்ரோ முனையை நேராக அமைனாக மாற்றிவிடும். விஷம் உருவாகவே வழியில்லை. ஆனால் நிம் இருந்தால் மட்டும் போதாது, அதை முடுக்கிவிட முன்னால் ஒரு செருகு துண்டு, அதாவது இடம் மாறித் தாவும் சிறு டிஎன்ஏ துண்டு, வந்து உட்கார வேண்டும். அது இல்லாவிட்டால் மரபணு தூங்கும். மெட்ரோவைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் தூங்குவது விழித்துக்கொள்ள வாய்ப்பு. "தேவையில்லாமல் மெட்ரோ எதற்கு" என்று எங்கள் ஆட்கள் நச்சரிப்பது இதனால்தான்.

மெரோபெனத்துக்கும் இதே கதைதான். ஃப்ரஜிலிஸில் ஒரு சிறுபகுதியிடம் சிஎஃப்ஐஏ என்ற மரபணு இருக்கிறது. அதுவும் செருகு துண்டு வரும்வரை பேசாமல் கிடக்கும். வந்துவிட்டால் துத்தநாக நொதி ஒன்றைக் கக்கி, மெரோபெனத்தையும் இமிபெனத்தையும் அறுத்துவிடும். டாசோபாக்டம், கிளாவுலனேட் எதுவும் அதைத் தடுக்காது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த நொதிக் குடும்பம் புதிதில்லை. 2010-ல் இதே வகை நொதியான என்டிஎம்-1 பற்றி உலகையே உலுக்கிய கட்டுரையில் சென்னையில் எடுத்த 44 கிருமிகள் இருந்தன. முதல் ஆசிரியரும் தரமணியில் இருந்த ஆராய்ச்சியாளர். என்டிஎம்-1-க்கு சிஎஃப்ஐஏ தூரத்துச் சொந்தம். ஆனால் இது 1980-களிலேயே தெரிந்த பழைய ஆள். அதுபோல பிளாஸ்மிடில் (கிருமிக்குக் கிருமி கைமாறும் டிஎன்ஏ வளையம்) ஏறி ஊர் சுற்றாமல் பெரும்பாலும் குரோமோசோமிலேயே குடியிருக்கும்.

ஜாடிக்காரர்

மேடம் மன்னிக்கணும், நடுவில் ஒன்று. மெட்ரோ ரெசிஸ்டன்ட் என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் ஜாடியைச் சந்தேகப்படுங்கள். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து காற்றுக் கசிந்தால் மெட்ரோ விஷமாக மாறாது, நல்ல கிருமிகூட ரெசிஸ்டன்ட் வேஷம் போடும். எந்தத் தட்டைப் பார்த்தாலும் ரெசிஸ்டன்ட் என்றால் கிருமி மேல் பழி போட வேண்டாம், கோளாறு ஜாடியில். மறுபக்கமும் உண்டு. மருந்து ஏற்றிய இ-டெஸ்ட் பட்டையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும், 'சென்சிட்டிவ்' என்று எழுதிவிடுவோம். அதே தட்டைத் திரும்ப ஜாடியில் வைத்து இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்த்தால் வட்டத்துக்குள் ஊசிமுனை அளவு காலனிகள் முளைத்திருக்கும். அவசரப்பட்டவர் அதைப் பார்க்க மாட்டார்.

பெரம்பூர்_மெடிக்கல்ஸ்

நான் மருந்துக்கடைக்காரன். என் பக்கத்தையும் கேளுங்கள். வயிற்றால் போகிறது என்று ஒருவர் வந்தால் "ஓஃப்ளாக்சசின் ஆர்னிடசோல் நாலு கொடுங்க" என்று பெயர் சொல்லியே கேட்கிறார். சீட்டு கேட்டால் எதிர்க்கடைக்குப் போவார். 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை வந்ததிலிருந்து மெரோபெனம், செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் மெட்ரோனிடசோல் இல்லை, ஆர்னிடசோல் இல்லை, ஓஃப்ளாக்சசினும் இல்லை. லெவோவுக்கு ரெஜிஸ்டர், அதன் அண்ணனுக்கு இல்லை. இது என்ன கணக்கு என்று இன்ஸ்பெக்டரிடமே கேட்டுவிட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வேளச்சேரி_வாசகி

ஐயோ, அந்த மாத்திரை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கும்.

கறுத்த_தட்டு

தூக்கிப் போடுங்கள் அக்கா. சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், பிள்ளைகளாக இருந்தால் துத்தநாகமும். பெரும்பாலும் அதுவே போதும். ரத்தம், சீதம், காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

பெரம்பூர் அண்ணன் சொன்னது முக்கியம். ஒரு வேளை மாத்திரை குடலுக்குள் என்ன செய்யும் என்பதற்கு டெட்ராசைக்ளின் ஒரு பாடம். டெட்க்யூ என்ற எதிர்ப்பு மரபணு 1970-க்கு முன் சேகரித்த பாக்டீராய்ட்ஸில் சுமார் 30 சதவீதத்திடம் இருந்தது. 1990-களில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அது ஏறிவரும் தாவும் துண்டு, டெட்ராசைக்ளினை லேசாக மோப்பம் பிடித்தாலே பக்கத்துக் கிருமிக்குப் பல மடங்கு வேகமாகத் தாவும். கொல்ல வந்த மருந்தே தூது போகிறது! அதே துண்டில் எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் வகைக்கான எதிர்ப்பும் தொற்றிக்கொண்டு போகலாம். அன்று எலியில் கட்டியைத் தடுத்த கிளிண்டாமைசினை, ஃப்ரஜிலிஸ் குழுவில் ரெசிஸ்டன்ஸ் ஏறியதால், 2010 அமெரிக்க வழிகாட்டியே வயிற்றுத் தொற்றுக்கு முதல் கை மருந்தாக வேண்டாம் என்றுவிட்டது.

கத்தி_பிடித்தவன்

சரி, நேராகக் கேட்கிறேன். மெரோபெனம் ஓடும்போது மெட்ரோவை நிறுத்தலாமா? நாளை அந்த நோயாளிக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவன் நான், நீங்கள் இல்லை.

கறுத்த_தட்டு

நியாயமான கேள்வி சார். மெரோபெனம், பிபெராசிலின்-டாசோபாக்டம் இரண்டுமே காற்றில்லா பாக்டீரியாவைக் கவனித்துக்கொள்ளும். கூட மெட்ரோ சேர்ப்பதால் நோயாளிக்கு மிஞ்சுவது வாயில் உலோகக் கசப்பும், நாள் கணக்கில் நீண்டால் கை கால் மரமரப்பும்தான். விதிவிலக்கு உண்டு. செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனாம், செஃபிபிம், கொலிஸ்டின், அமிகாசின் என்று போனால் இவற்றை நம்பி ஃப்ரஜிலிஸை விடவே முடியாது, மெட்ரோ கட்டாயம் வேண்டும். அமிகாசின் வகை செல்லுக்குள் நுழையவே ஆக்சிஜன் சார்ந்த இயக்கம் தேவை, காற்றில்லா இடத்தில் அதற்குக் கதவே திறக்காது. கல்லீரலில் அமீபாக் கட்டி என்று சந்தேகம் இருந்தாலும் மெட்ரோ தொடரட்டும்.

ஒரே நிபந்தனை, பெரிய கேஸ்களில் ஒரு சிரிஞ்ச் சீழ் எங்களுக்கு அனுப்புங்கள். எல்லாக் குடல்வாலுக்கும் கேட்கவில்லை. இரண்டாவது முறை திறப்பவை, டிரெயின் போட்டும் அடங்காதவை, ரத்தத்திலேயே காற்றில்லாக் கிருமி வந்தவை, இவை போதும். 2013-ல் சியாட்டிலில் ஒருவருக்கு மெட்ரோவுக்கும் மெரோபெனம் வகைக்கும் அடங்காத ஃப்ரஜிலிஸ் பிடிபட்டது. அதற்குச் சற்று முன் அவர் இந்தியாவில் சிகிச்சை எடுத்தவர். நம் ஊரில் இருப்பதை அவர்கள் லேப் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-ல் ஆன்டிபயாடிக் பற்றிச் சென்னைப் பிரகடனம் போட்ட ஊர் இது.

கத்தி_பிடித்தவன்

அந்தக் கடைசி வரி குத்துகிறது. சரி, இரண்டாவது முறை திறக்கும் கேஸ்களில் அனுப்புகிறேன். ஆனால் ரிப்போர்ட்டை ஒரு வாரம் கழித்து ஃபைலில் சொருகாதீர்கள். ஸ்மியர் பார்த்த அன்றே போன் செய்யுங்கள்.

கறுத்த_தட்டு

ஸ்மியர் அன்றே. வளர்ந்ததும் மால்டி என்ற கிருமியை அடையாளம் காட்டும் கருவியில் பெயர் வந்துவிடும், சிஎஃப்ஐஏ ரகமா என்பதற்குக்கூட அதிலேயே குறிப்புக் கிடைக்கும். 2022-லிருந்து மருந்துப் பரிசோதனைக்கு விதி வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட்டின் டிஸ்க் முறையும் இருக்கிறது, எஃப்ஏஏ அகாரில் 16 முதல் 20 மணி நேரத்தில் படிக்கலாம். முன்பு போல அகார் டைல்யூஷனுக்காகக் காத்திருக்க வேண்டாம். போன் நிச்சயம் சார்.

மூன்றாம்_வருட_பிஜி

எல்லோருக்கும் நன்றி. சீஃபிடம் இன்று மெட்ரோவை நிறுத்தலாமா என்று கேட்டேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நாளைக்கு மறுபடி கேட்கிறேன்.

ஜாடிக்காரர் அண்ணே, ராத்திரி கேஸ் வந்தால் என்ன செய்வது? லேபில் டியூட்டி ஆள் மட்டும்தான் இருப்பார். சிரிஞ்சை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் அனுப்பலாமா?

ஜாடிக்காரர்

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம் தம்பி. குளிர்ந்தால் சீழில் ஆக்சிஜன் இன்னும் கூடுதலாகக் கரையும். ஐஸ் பெட்டியும் வேண்டாம். மாலையிலேயே லேபிலிருந்து ராபர்ட்சன் புட்டி இரண்டு வாங்கி தியேட்டர் அலமாரியில் வையுங்கள், வெயில் படாத இடமாக. சீழை எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்ச் முனையைத் துணுக்குகளுக்கு நடுவே ஆழத்தில் விட்டு மெதுவாக அழுத்துங்கள், குமிழி வரக் கூடாது. மூடியை இறுக்கி, அறை வெப்பத்திலேயே வைத்து, டியூட்டி ஆளிடம் கையில் கொடுங்கள். 'காற்றில்லா கல்ச்சர்' என்று ஃபாரத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் காலையில் வருபவர் மெக்காங்கியில் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்.